கூரையில் மாட்டிய வைஃபை பெட்டி: கல்லடியில் ஆறு மாதம் பாவித்த கதை

மாமியின் விடுதி மட்டக்களப்பில், கல்லடியில், கடற்கரைக்குப் போகும் குறுக்கு வீதி ஒன்றில் இருக்கிறது. ஆறு அறை, முன்னால் ஒரு மாமரம், வாசலில் நீல நிறப் பலகை. பலகையில் விடுதியின் பெயர், அதற்குக் கீழே 065இல் தொடங்கும் தொலைபேசி எண். வைஃபை கடவுச்சொல்லும் அந்த எண்ணேதான். அக்சஸ் பொயின்ட் என்கிற வைஃபை பரப்பும் பெட்டியை மாட்டிவிட்டுப் போன கடைக்காரர், “மறக்க மாட்டீங்க அக்கா, ஆக்கள் கேட்டா போர்ட்டைக் காட்டுங்க” என்று சொல்லியிருக்கிறார். மாமியும் மூன்று மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் போர்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தார், கேட்காதவர்கள் தாங்களாகவே பார்த்துக்கொண்டார்கள்.

இது அந்தப் பெட்டியைப் பற்றிய விமர்சனம், பாதி அதைப் பொருத்திய கடையைப் பற்றியதும்தான். இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் சொல்லும் குறைகள் இந்த விலையில் கிடைக்கும் வேறு பல பெட்டிகளுக்கும் பொருந்தும், கடைக்காரரும் ஊர்ப் பொடியன்தான், நாளைக்குச் சந்தையில் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் நெட்வேர்க் படித்தவன் அல்ல, ஆரையம்பதியில் இருந்துகொண்டு பகலில் கணக்கு எழுதுகிறவன், வீட்டில் கொம்பியூட்டர் தொடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எல்லாப் பெட்டியும் கடைசியில் என் மடியில்தான் வந்து விழும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி 22,500 ரூபாய், பொருத்துகூலி 4,000. வெள்ளை நிறம், சாப்பாட்டுத் தட்டு அளவு, கூரையில் மாட்டினால் புகை எச்சரிக்கைக் கருவி என்று நினைக்கிற மாதிரி அடக்கமாக இருக்கிறது. கரண்டுக்குத் தனி வயர் இல்லை, இணையம் வருகிற கேபிளிலேயே மின்சாரமும் போகிறது, அதனால் சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. நடுக் கொரிடோரில் ஒன்றை மாட்டியதில் ஐந்து அறைக்கு நன்றாக எடுக்கிறது. ஆறாவது அறை கடல் பக்கம், இடையில் இரண்டு கல் சுவர், அங்கே வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் அலை எட்டாது, 2.4 அலையில் சமாளிக்கலாம். உப்புக் காற்றுக்குப் பெட்டி தாங்கிவிட்டது. கேபிள் நுனியில் இருக்கிற கிளிப் தாங்கவில்லை, நான்காம் மாதம் கழற்றிப் பார்த்தால் எட்டுக் கம்பியில் இரண்டில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் அடித்தேன், சரியாகிவிட்டது. கல்லடி, நாவலடிப் பக்கம் யாராவது வாங்கினால் இதை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் தொடங்கியது மாத டேட்டாவில். புரட்டாதியில் ஒரு நாள் மாமி கோல் எடுத்து, “தேதி பதினொண்டுதான் ஆகுது மனே, நெட் முடிஞ்சிட்டெண்டு மெசேஜ் வந்திரிக்கு” என்றார். அன்றைக்கு விடுதியில் தங்கியிருந்தது நாலே பேர், அதில் இரண்டு பேர் வயசான ஆட்கள். லப்டொப்பை எடுத்துக்கொண்டு போய் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பக்கத்தின் முகவரி, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது, பெட்டியோ கூரையில் இருக்கிறது, ஆக முதல் வேலை பக்கத்து வீட்டில் போய் ஏணி வாங்கி வருவது. யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போய்விட்டேன். கதவைத் தட்டக்கூட இல்லை.

இங்கே பழி கம்பெனி, கடைக்காரர் இரண்டு பேருக்கும் போகும். புதுப் பெட்டியை முதல் தடவை திறக்கும்போது “பாஸ்வேர்டை மாற்றுங்கள்” என்று அது கேட்கத்தான் செய்கிறது, ஆனால் பக்கத்திலேயே “பிறகு” என்று ஒரு பொத்தானையும் வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் இருக்கிறவன் எதை அமத்துவான்? 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கமெராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய பெரிய தளங்களைச் சாய்த்ததே, அது ஒன்றும் மாயமந்திரம் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த இந்த மாதிரிப் பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் “பிறகு” பொத்தானை விட்டு வைத்திருப்பதற்கு இந்தக் கம்பெனிக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

உள்ளே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது, அந்தப் பக்கம் உண்மையில் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. கருவியின் பெயர், எப்போது வந்தது, எவ்வளவு இழுத்தது, எல்லாம் ஒரே பார்வையில். நாலு விருந்தாளிக்கு முப்பத்தியொரு கருவி! பின்வீதி போடிங் பொடியன்களின் போன்கள் என்று பார்த்தாலே தெரிகிறது, சிலர் தங்கள் பெயரையே போனுக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஆக மேலே, எல்லாரையும் விட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தது ஒரு 43 அங்குல டீவி. விடுதியில் அப்படி டீவி கிடையாது. யார் வீட்டில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி சொன்னார்: “அவள்ட டீவிய மட்டும் வெட்டிராத மனே, நேத்தும் கொடுவா மீன் குடுத்தனுப்பினவள்.”

சரி, டீவி கதை பிறகு. முதலில் கடவுச்சொல்.

065க்குப் பிறகு ஏழே இலக்கம்தான் இருக்கிறது, அதாவது மொத்தம் ஒரு கோடிச் சேர்க்கை. கேட்கப் பெரிதாக இருக்கும். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ஒரு போன் இணையும்போது பெட்டிக்கும் போனுக்கும் நடக்கும் பேச்சை வெளியே ஆட்டோவில் இருக்கிற ஒருவன் பதிந்துகொண்டு போய்விடலாம், பிறகு வீட்டில் ஆறுதலாக இருந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம், பெட்டிக்கு ஒன்றுமே தெரிய வராது. நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட கொம்பியூட்டர் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கில் சோதிக்கும், ஒரு கோடி என்பது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. தொலைபேசி எண், பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். எங்கள் விசயத்தில் கார்டும் தேவையில்லை, போர்ட் இருக்கிறதே.

8 எழுத்திலிருந்து 63 வரை வைக்க இடம் தருகிறார்கள், ஆனால் எல்லாரும் எட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் மாமியிடம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சாமான் சொல்லச் சொன்னேன். “கச்சான், கொக்கத்தடி, நுளம்பு, திருவலை” என்றார். இதை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் முப்பது எழுத்தைத் தாண்டிவிடும், மாமிக்கும் மறக்காது, எழுத்துக்கூட்டலை நாம் நம் பாட்டுக்கு வைப்பதால் ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துத் தேடுகிறவனுக்கும் லேசில் அகப்படாது. (இப்போது இருப்பது இந்த நாலும் அல்ல, ஏணியோடு யாரும் வர வேண்டாம்.) நெட்வேர்க்கின் பெயரையும் மாற்றினேன். கம்பெனி வைத்த பெயரோடு விட்டால் அந்தப் பெயருக்கென்றே முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைத்த பட்டியல்கள் இருக்கலாம், ஏனென்றால் கடவுச்சொல்லிலிருந்து தரவைப் பூட்டும் சாவியைக் கணக்கிடும்போது நெட்வேர்க் பெயரும் அதில் கலக்கப்படுகிறது.

அடுத்தது பாதுகாப்பு முறையைத் தெரிவு செய்யும் இடம். இந்தப் பெட்டியில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான். அமத்தினால் எட்டு வரிகள் விழும், எல்லாம் எழுத்துச் சுருக்கங்கள், ஒன்றுக்கும் விளக்கம் இல்லை, தமிழில் இல்லை என்பது இருக்கட்டும், ஆங்கிலத்திலும் இல்லை. அதிலே டபிள்யூஈபி இன்னும் இருக்கிறது! 1997இல் வந்து 2001இலேயே உடைக்கப்பட்ட முறை அது, இன்றைக்கு இலவச மென்பொருளைக் கொண்டு சில நிமிடங்களில் சாவியை எடுத்துவிடலாம், அதை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்? எங்கள் பெட்டி வந்தது டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலப்பில், தரவைப் பூட்டும் குறியாக்கம் “ஆட்டோ” என்று. அந்த முதல் டபிள்யூபிஏ 2003இல் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, டிகேஐபி என்ற குறியாக்க முறையோடு வந்தது. டிகேஐபியில் இணையும் கருவி 54 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்ட முடியாது, விதியே அப்படி. அதற்கு அடுத்த வருடமே டபிள்யூபிஏ2 வந்துவிட்டது, 2006இலிருந்து சான்றிதழ் வாங்கும் எந்தக் கருவிக்கும் அது கட்டாயம். ஆக, பழைய கலப்பைத் தூக்கிவிட்டு டபிள்யூபிஏ2, அதன் குறியாக்கமான ஏஇஎஸ் என்று மட்டும் வைத்தால் பாதிக்கப்படுவது நூதனசாலையில் இருக்க வேண்டிய கருவிகள்தான்.

டபிள்யூபிஏ3 2018இல் வந்தது. அதற்கு முதல் வருடம் பெல்ஜியத்து ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் டபிள்யூபிஏ2இன் கைகுலுக்கலில், அதாவது இணையும்போது நடக்கும் அந்தப் பேச்சில், ஓட்டை காட்டியிருந்தார், க்ராக் என்று அதற்குப் பெயர். கருவிகளுக்குத் திருத்தங்கள் வந்து அது ஓரளவு அடங்கியது. ஆனால் டபிள்யூபிஏ3இன் பெரிய லாபம் வேறு: ஆட்டோக்காரன் பதிந்துகொண்டு போய் வீட்டிலிருந்து முயற்சிப்பது இனிச் சரிவராது, ஒவ்வொரு முயற்சிக்கும் அவன் எங்கள் பெட்டியிடமே வந்து கேட்டாக வேண்டும், அங்கே கோடிக்கணக்கில் கேட்க முடியாது. கேள்விப்பட்டதும் ஆசையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மாமியின் பழைய விண்டோஸ் 7 லப்டொப் வெளியே, கமெரா பதியும் பெட்டியும் வெளியே. எனவே டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாறினேன். அதற்குக் கீழே “நிர்வாகச் சட்டகப் பாதுகாப்பு” என்று பொருள்படும் ஒரு செட்டிங், மூன்று தெரிவுகள்: இல்லை, முடிந்தால், கட்டாயம். வெளியாள் ஒருவன் பெட்டியைப் போல நடித்து “எல்லாரும் வெளியே போங்கள்” என்று பொய்க் கட்டளை அனுப்புவதைத் தடுப்பது இது. கட்டாயம் என்று வைத்தால் பழையவை இணையாது, “முடிந்தால்” என்பதுதான் கலப்பு முறைக்குப் பொருத்தம். இந்த மூன்று வரியைப் பெட்டியின் கையேட்டில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு பின்னேரம் மிச்சம்.

கடைக்காரர் பாதுகாப்புக்காகச் செய்திருந்த ஒரே ஒரு வேலை நெட்வேர்க் பெயரை மறைத்தது. பெருமையாகச் சொன்னாராம். பெயரை மறைத்தால் விருந்தாளிக்குத்தான் கஷ்டம், கையால் எழுத்துக்கூட்ட வேண்டும். தேடுகிறவன் யாராவது இணையும் நேரம் பார்த்துப் பெயரைப் பிடித்துவிடுவான். அதோடு மறைத்த நெட்வேர்க்கைச் சேமித்து வைத்த போன், போகிற இடமெல்லாம் “நீ இருக்கிறாயா” என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே திரியும், காத்தான்குடிச் சந்தையில் நின்றாலும். மறைப்பை எடுத்துவிட்டேன். பிறகு நான் செய்த மடைத்தனம் மெக் முகவரி வடிகட்டல், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து உள்ளே விடுவது. தெரிந்த கருவிகளை மட்டும் விடலாம் என்று ஒவ்வொன்றாகப் பதிந்தேன், முக்கால் மணித்தியாலம் போனது. அன்றிரவே திருகோணமலையிலிருந்து வந்த குடும்பம் இணைக்க முடியாமல் வந்து நின்றது. அன்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 இவற்றிலிருந்து போன்கள் உண்மையான மெக் முகவரியைச் சொல்வதில்லை, நெட்வேர்க்குக்கு ஒன்றாகப் புனைபெயர் வைத்துக்கொள்கின்றன. மறுபக்கம், திருட நினைப்பவனுக்கு அனுமதித்த ஒரு முகவரியைக் காற்றிலிருந்து எடுத்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொள்வது சின்ன வேலை. விடுதிக்கு இது சரிவராது.

இத்தனையும் முடித்து இரண்டு கிழமைக்குப் பிறகும் டேட்டா அளவுக்கு மிஞ்சிப் போனது. தலையைப் பிய்த்துக்கொண்டு போனில் தேடினால், அதே இடத்தில் இன்னொரு நெட்வேர்க் முழுப் பலத்தோடு நிற்கிறது. இணையக் கம்பெனி தந்த ரவுட்டர் ரிசப்ஷன் மேசைக்குக் கீழே தன் பாட்டுக்குத் தனி வைஃபை பரப்பிக்கொண்டிருக்கிறது, கடவுச்சொல் அதன் அடியில் ஸ்டிக்கரில், அதைப் போட்டோ எடுக்காத பொடியன் அந்தப் பக்கம் இல்லை. முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தாமல் விட்ட கதை. அதிலே கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ பின் நம்பராலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸும் வேறு திறந்திருந்தது. எட்டு இலக்க பின் நம்பர் என்று சொல்வார்கள், ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, மீதியையும் ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்த்துப் பதில் சொல்வதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் அகப்பட்டுவிடும், 2011 கடைசியிலேயே இது வெளியில் வந்துவிட்டது. ரவுட்டரின் வைஃபையையே நிறுத்தினேன், டபிள்யூபிஎஸ்ஸையும். கூரைப் பெட்டியில் டபிள்யூபிஎஸ் பொத்தானே இல்லை, குறைத்த நட்சத்திரத்தில் பாதியை இதற்காகத் திருப்பிக் கொடுக்கலாம்.

இனிப் பெட்டியின் உண்மையான பலம்: விருந்தாளி நெட்வேர்க். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பெயர், ஒன்று மாமிக்கும் கமெராவுக்கும் பில் அடிக்கும் பிரின்டருக்கும், மற்றது தங்குபவர்களுக்கு. “கெஸ்ட்” என்ற ஒரு கட்டத்துக்குள் சரி போட்டால் போதும், அதில் இணைபவர் இணையத்துக்கு மட்டும் போகலாம், உள்ளே இருக்கிற கமெராவையோ பிரின்டரையோ பார்க்க முடியாது, ஒருவர் போனை மற்றவர் போனும் எட்டாது. ஆளுக்கு இத்தனை எம்பிபிஎஸ் என்று வேகத்தையும் கட்டலாம். இதற்கு முன்பு எந்த விருந்தாளியும் லப்டொப்பைத் திறந்து மாமியின் கமெராப் பதிவுப் பெட்டி வரை போயிருக்கலாம், அதன் பாஸ்வேர்ட் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். விருந்தாளி நெட்வேர்க்கைப் புதிதாக உருவாக்கினால் அது கடவுச்சொல் இல்லாமல், வரவேற்புப் பக்கத்தோடு மட்டும் வருகிறது. விடுதிப் படம், கீழே ஒரு குறியீட்டு எண் கேட்கும் கட்டம், பார்க்க நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்கும். அந்தக் கட்டம் குறியாக்கம் அல்ல. வாசல்காரன் டிக்கெட் பார்க்கிறான், ஆனால் உள்ளே பேசுவது வீதிக்கே கேட்கிறது. இப்போது அநேகமான தளங்கள் தாங்களே குறியாக்கம் செய்வதால் வங்கிக் கணக்கு பறிபோய்விடும் என்று பயமுறுத்த மாட்டேன், ஆனாலும் டபிள்யூபிஏ2 கடவுச்சொல் ஒன்றைப் போடுவதற்கு அரை நிமிடம். போட்டேன். வரவேற்புப் பக்கத்தைத் தூக்கிவிட்டேன், மாமிக்குத்தான் அந்தப் படம் போனதில் மனவருத்தம்.

பிறகு ஒரு ஞாயிறு, ஆசை மிஞ்சி, நிர்வாகப் பக்கத்தைத் தனி விலானில், அதாவது அதே கேபிளில் பிரித்து வைத்த தனி நெட்வேர்க்கில், போடலாம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துச் சேமித்தேன். கேபிள்களை இணைக்கிற எங்கள் சுவிட்ச் மலிவானது, விலான் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. பெட்டி வேலை செய்கிறது, நான்தான் உள்ளே போக முடியாது. ஏணி, பேப்பர் கிளிப், பத்து நொடி அமத்தல், எல்லாம் முதலிலிருந்து. “இதை மாற்றினால் நீங்கள் வெளியே நிற்பீர்கள்” என்று ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கலாம். இரண்டாவது தடவை எல்லாவற்றையும் போட்டு முடித்ததும் செட்டிங்கை ஒரு கோப்பாக எடுத்து வைத்தேன், அந்த வசதி இருக்கிறது என்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபேர்ம்வெயாரின் புதுப்பிப்பும் அதே பக்கத்தில்தான். மழை நாளில் செய்ய வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் பெட்டி வெறும் தட்டு.

கடைக்குக் கோல் எடுத்துக் கேட்டேன், சண்டைக்கு அல்ல. “எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணை போடுறது, கஷ்டமா வெச்சா பிறகு மறந்துட்டு எங்களுக்குத்தான் அடிப்பாங்க” என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இணைப்பு மாமியின் பெயரில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது, யாரோ ஒருவன் இதில் இருந்துகொண்டு செய்த வேலைக்கு விசாரித்து வருகிறவர்கள் முதலில் தட்டப்போவது அந்த நீலப் பலகை வாசலைத்தான். 4,000 ரூபாய் வாங்குகிறவர் வேறு ஒரு சொல்லை வைத்துத் துண்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம், உள்ளங்கை அளவுக் காகிதம் போதும்.

பெட்டிக்கு ஐந்தில் மூன்றரை. வீச்சுக்கும் விருந்தாளி நெட்வேர்க்குக்கும் முழு மார்க், செட்டிங் பக்கத்தின் மொழிக்கும் “பிறகு” பொத்தானுக்கும் வெட்டு. பொருத்திய சேவைக்கு ஒன்று, அதுவும் சுவரில் ஓட்டை நேராகப் போட்டதற்கு. கார்த்திகையிலும் மார்கழியிலும் மாதக் கடைசி வரை டேட்டா வந்தது. போடிங் பொடியன்கள் இரண்டு நாள் வாசலில் நின்று பலகையை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த டீவி இப்போது விருந்தாளி நெட்வேர்க்கில், 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடுகிறது, கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம். மழை விட்டதும் கடல் பக்கத்து அறைக்கு இதே பெட்டியில் இன்னொன்று வாங்குவதாக இருக்கிறோம். இந்தத் தடவை மாட்டுவது நான்தான், ஏணியும் அந்த டீவி வீட்டிலேயே இருக்கிறது.